நெஞ்சு நோ, தலையிடி, கைகால் உளைவு: முதலில் பார்க்கும் தாதி என்ன கேட்பார், நாம் என்ன சொல்ல வேண்டும்?

2024 நவம்பர் கடைசியில் பெய்த பெருமழையில் யாழ் குடாநாட்டின் தாழ்நிலங்கள் வெள்ளத்துள் கிடந்தன. டிசம்பரின் முதல் இரு வாரங்களில் பருத்தித்துறை, கரவெட்டி, சாவகச்சேரிப் பக்கங்களிலிருந்து காய்ச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வைத்தியசாலைக்கு வந்தவர்களில் சிலர் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். ஊரில் அதற்கு ‘மர்மக் காய்ச்சல்’ என்று பெயர் விழுந்தது. பரிசோதனைகளின் பின்னர் அது எலிக்காய்ச்சல் எனத் தெரியவந்தது.

எலிக்காய்ச்சல் புதிய நோயல்ல. காலத்தோடு கண்டுபிடித்தால் விலை குறைந்த மருந்தாலேயே மாற்றக்கூடியது. ஆனால் அதன் முதல் இரண்டு மூன்று நாட்கள் எந்தச் சாதாரண காய்ச்சலையும் போலவே இருக்கும். “காய்ச்சல்” என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டால் அது பிடிபடாது. “வயலுக்குள்ள இறங்கினீங்களோ? வெள்ளத்துக்குள்ள நடந்தீங்களோ?” என்ற அடுத்த கேள்வியில்தான் பிடிபடும்.

நாம் வைத்தியசாலையில் சொல்லும் வருத்தங்கள் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும்: காய்ச்சல், தலையிடி, நெஞ்சு நோ, இளைப்பு, வயிற்று நோ, சலம் எரிவு, களைப்பு, நாரி நோ, கைகால் உளைவு, நித்திரை இல்லை. இந்தச் சொற்களின் பின்னால் என்னென்ன இருக்கலாம், முதலில் பார்ப்பவர் எந்தக் கேள்விகளால் அவற்றைப் பிரித்தறிகிறார், எந்த அறிகுறி கண்டால் வீட்டில் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது. இது வைத்தியரின் இடத்தை நிரப்பாது. வைத்தியரிடம் எதைச் சொல்ல வேண்டும், எப்போது போக வேண்டும் என்பதற்கான வழிகாட்டி மட்டுமே.

முதலில் கேட்பவர் யார்?

கனடாவிலோ பிரித்தானியாவிலோ இருக்கும் நம் உறவினர்கள் சிலர், “டொக்டரைப் பார்க்கேல்லை, நேர்ஸ்தான் பார்த்து மருந்து எழுதினவ” என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே மேற்பயிற்சி பெற்ற குடும்பநலத் தாதியர் நோயாளியைப் பரிசோதித்து, நோயை நிர்ணயித்து, மருந்தும் எழுதுகிறார்கள். இந்தத் துறை 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொறெற்றா போர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சியிலிருந்து வளர்ந்தது. வைத்தியர்கள் குறைவான இடங்களில் பிள்ளைகளின் நலனைப் பார்ப்பதே அதன் முதல் நோக்கமாக இருந்தது.

இலங்கையில் நோயை நிர்ணயித்து மருந்து எழுதுவது வைத்தியரின் பொறுப்பு. ஆனாலும் நமது வருத்தத்தை முதலில் காதில் வாங்குபவர் பல வேளைகளில் வேறொருவர்தான். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர், பிரதேச வைத்தியசாலையில் பிறஷர் பார்க்கும் தாதி, கிளினிக்கில் கொப்பியைத் திறந்து பார்ப்பவர் ஆகியோரே அந்த முதல் செவி. வெளிநோயாளர் பிரிவில் வரிசை நீளமாக இருக்கும்போது வைத்தியருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்கு முன் ஒருவர் சரியான கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தச் சில நிமிடங்கள் போதும்.

நம் மொழியில் நோயைக் கேட்டறியும் முயற்சி குடாநாட்டுக்குப் புதியதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860களில் கற்பித்தலையே தமிழுக்கு மாற்றினார். மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தம் மாணவர்களோடு சேர்ந்து தமிழில் ஆக்கினார். ஊரில் இருந்து வைத்தியம் பார்க்கப் போகிறவர் ஊரவரின் மொழியிலேயே நோயை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்தத் தேவை இன்றும் மாறவில்லை. “உளைவு” என்றால் என்ன, “நோ” என்றால் என்ன, “நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யுது” என்றால் என்ன என்று தெரியாதவருக்கு எந்தக் கருவியும் முழுதாக உதவாது.

கேள்விகளின் வரிசை

அனுபவமுள்ள தாதியர் எந்த வருத்தத்தையும் மூன்று படிகளில் அணுகுவார்கள். முதலாவது, உயிருக்கு ஆபத்தானது எதுவும் இருக்கிறதா என்று பார்த்து விலக்குவது. இரண்டாவது, இந்த வயதில், இந்த ஊரில், இந்தப் பருவத்தில் வழமையாக வருவது எது என்று பார்ப்பது. மூன்றாவது, இந்த மனிதரின் வாழ்க்கையில் என்ன நடக்கிறது என்று கேட்பது.

போரைக் கடந்து வந்த சமூகத்தில் இந்த வரிசை குழம்பும்போது இரண்டு விதமான பிழைகள் நேர்கின்றன. ஒன்று, கணவரை இழந்தவர் அல்லது பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பவர் வந்தால், “இது யோசினையால வாற வருத்தம்” என்று முதற்படியைத் தாண்டிவிடுவது. அப்போது மாரடைப்பு தவறிப்போகலாம். மற்றது, முதல் இரண்டு படிகளோடு நின்றுவிட்டு, வருடக்கணக்காக நோக்குளிசையும் காஸ்ரிக் குளிசையும் கொடுத்துக்கொண்டிருப்பது. அப்போது மனத்துயர் தவறிப்போகும். இரண்டிலும் இழப்பு நமக்கே. எனவே கேட்பவர் ஒரு படியை விட்டுவிட்டால், அதைச் சொல்லி நினைவூட்டுவது நமது உரிமை.

காய்ச்சல்

எத்தனையாவது நாள் என்பதே முதற் கேள்வி. “போன கிழமையிலிருந்து” என்று சொல்லாமல், தொடங்கிய நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள்.

குடாநாட்டில் வடகீழ்ப் பருவமழையோடு, ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை, டெங்கு கூடும். டெங்கில் காய்ச்சல் விடும் நேரமே ஆபத்தான நேரம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடம்பு குளிர்ந்து, “காய்ச்சல் விட்டிட்டுது” என்று வீட்டார் ஆறுதலடையும்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கலாம். கடும் வயிற்று நோ, ஓயாத சத்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பாக மலம், கைகால் குளிர்தல், அமைதியின்மை, ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமை ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இரத்தப் பரிசோதனையை மூன்றாம் நாளுக்கு மேல் தள்ளிப்போடக்கூடாது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் அளவோடு எடுக்கலாம். அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபெனாக் போன்ற நோக்குளிசைகள் இரத்தக் கசிவைக் கூட்டும். பாமசியில் “நல்ல பவரான குளிசை” கேட்டு வாங்குவது இந்த மாதங்களில் உயிரோடு விளையாடுவது.

வயல், வெள்ளம், வாய்க்கால் துப்புரவு என்றால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும். கெண்டைக்கால் தொட்டாலே நோகும். கண் சிவக்கும். சலம் குறையும். பின்னர் கண் மஞ்சளாகலாம், மூச்சு முட்டலாம். வயல் வேலைக்கு இறங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மருந்து பெறலாம்.

பற்றை, தோட்டம், விறகு என்று திரிந்தவருக்கு ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சலும் தலையிடியும் இருந்தால் உண்ணிக்காய்ச்சலைத் தேட வேண்டும். சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு, அக்குள், கவட்டி, மார்பின் கீழ், இடுப்பு போன்ற மறைவான இடத்தில் இருக்கலாம். அது நோகாது. ஆகவே நோயாளிக்கே தெரியாது. உடுப்பை விலக்கிப் பார்க்காமல் கண்டுபிடிக்கவும் முடியாது. அமொக்சிசிலின் இதற்கு வேலை செய்யாது. வேறு மருந்து வேண்டும்.

மலேரியாவைப் பற்றி ஒரு வார்த்தை. போர்க்காலத்தில் வடக்கை வாட்டிய இந்த நோய் இல்லாத நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. ஆனால் இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்க நாடொன்றிலிருந்தோ அண்மையில் திரும்பியவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் பயண விபரத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இப்போது யாரும் தாமாக நினைக்காத நோய் என்பதால் அது தவறிப்போகும் அபாயம் கூட.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும் காத்திருக்கக்கூடாது.

நெஞ்சு நோ

“காஸ்ரிக்” என்பது நம் ஊரில் நெஞ்சு நோவுக்கு வைக்கப்பட்ட பொதுப்பெயர் ஆகிவிட்டது. நெஞ்சின் நடுவில் அமத்துவதுபோல், இறுக்குவதுபோல் நோ, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், வியர்வை, சத்தி வருவதுபோல் இருத்தல், நடந்தால் கூடி இருந்தால் குறைதல். இவை இதயத்தைக் காட்டுகின்றன. சாப்பாட்டோடு தொடர்புபட்ட எரிவு, புளித்த ஏப்பம் ஆகியவை இரைப்பையைக் காட்டலாம். ஆனால் இந்த எல்லை எப்போதும் தெளிவாக இராது.

நீரிழிவு உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், வயதானவர்களுக்கும் மாரடைப்பு நோவே இல்லாமல் வரலாம். திடீர்க் களைப்பு, மூச்சு முட்டு, மேல்வயிற்றுப் பாரம், குளிர் வியர்வை மட்டுமே இருக்கும். ஆகவே 40 வயதுக்கு மேற்பட்டவர், நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ உள்ளவர், புகைப்பவர் எவருக்கும் புதிதாக வரும் நெஞ்சு நோ, ஈ.சி.ஜி எடுத்துப் பார்க்கும்வரை இதய நோவாகவே கருதப்பட வேண்டும். சோடா குடித்துப் பார்ப்பது, விடியட்டும் என்று இருப்பது, மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போவது ஆகிய மூன்றும் வேண்டாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். வடக்கில் இந்தச் சேவை 2018 முதல் இயங்குகிறது.

நெஞ்சு படபடப்பு, மூச்சு அடைப்பு, விரல் விறைப்பு, “செத்துப்போயிடுவன்” என்ற பயம் எல்லாம் சேர்ந்து வந்து சில நிமிடங்களில் உச்சமடைந்து அரை மணித்தியாலத்துக்குள் தணிவது பதகளிப்புத் தாக்கமாக இருக்கலாம். ஹெலிகொப்டர்ச் சத்தம், பட்டாசு, சோதனைச் சாவடி, ஒரு நினைவு நாள் எதுவும் அதைத் தூண்டலாம். ஆனால் அந்த முடிவுக்கு வரவேண்டியது இதயத்தைப் பரிசோதித்த பிறகுதான், முன்னர் அல்ல.

தலையிடி, தலைச்சுற்று

பெரும்பாலான தலையிடிகள் ஆபத்தற்றவை. வாழ்க்கையிலேயே காணாத கடும் தலையிடி ஒரு நொடியில் வெடித்ததுபோல் வருதல். காய்ச்சலோடு கழுத்து விறைத்தல். முகம் கோணுதல், ஒரு பக்கக் கைகால் சோர்தல், பேச்சுக் குழறல். 50 வயதுக்குப் பிறகு முதன்முறையாகத் தொடங்கிய தலையிடி. தலையில் அடிபட்ட பின் கூடிவரும் தலையிடி ஆகியவை வேறு வகை. கர்ப்பிணித் தாய்க்குத் தலையிடியோடு கண் மங்கல், மேல்வயிற்று நோ, முக வீக்கம் இருந்தால் அன்றைக்கே குருதி அமுக்கம் பார்க்கப்பட வேண்டும்.

குருதி அமுக்கம் பார்ப்பதிலும் முறை உண்டு. வெயிலில் சைக்கிள் உழக்கி வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, கதைத்துக்கொண்டே கை நீட்டினால் அளவு கூடிக் காட்டும். ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருநாள் அளவை வைத்துப் பயப்படவும் வேண்டாம். ஒருநாள் சரியாக இருந்தது என்று குளிசையை நிறுத்தவும் வேண்டாம்.

தலைச்சுற்று என்றால், சுழல்கிறதா, அல்லது எழும்பும்போது கண் இருட்டுகிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். முதலாவது பெரும்பாலும் உட்காதோடு தொடர்புபட்டது. இரண்டாவது நீர்க்குறைவு, இரத்தச்சோகை, பிறஷர்க் குளிசையின் அளவு ஆகியவற்றோடு தொடர்புபட்டது. இன்சுலினோ நீரிழிவுக் குளிசையோ எடுப்பவர் வியர்த்து நடுங்கினால் சீனி குறைந்திருக்கலாம். உணர்வு இருக்கும்போதே இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும்.

இருமல், இளைப்பு

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, மெலிவு, சளியில் இரத்தம் ஆகியவை காசநோயை நினைவூட்டுபவை. பரிசோதனையும் ஆறு மாத மருந்தும் அரச மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசம். பாணி மருந்து மாற்றி மாற்றிக் குடித்து நாளைக் கடத்துவதால் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் தொற்றும்.

இளைப்பு உள்ள முதியவரிடம், “எத்தனை தலகணி வைச்சுப் படுக்கிறீங்கள்? இரவில மூச்சு முட்டி எழும்புறீங்களோ? கால் வீங்குதோ?” என்று கேட்பார்கள். நிமிர்ந்து படுக்க முடியாமை, கால் வீக்கம் இரண்டும் இருந்தால் அது தொய்வு அல்ல, இதயம் பலவீனமடைவதாக இருக்கலாம். விறகடுப்புப் புகையில் பல காலம் சமைத்த பெண்களுக்குப் புகைக்காமலேயே நுரையீரல் பாதிக்கப்பட்டிருக்கலாம். அடுப்பைப் பற்றியும் சொல்லுங்கள்.

சிறுபிள்ளைகளில் மூச்சை எண்ண வேண்டும். பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தையில் 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 என்ற அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ, நெஞ்சுக்கூடு உள்ளே இழுத்தாலோ உடனே கொண்டுபோக வேண்டும்.

வயிற்று நோ, சத்தி, வயிற்றோட்டம்

தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் நோ குடல்வால் அழற்சியாக இருக்கலாம். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒரு பக்க அடிவயிற்று நோவும் மயக்கமும் வந்தால் கருப்பைக்கு வெளியே கரு தங்கியிருக்கலாம். திருமணமாகாத பெண் என்றாலும், கணவர் வெளிநாட்டில் என்றாலும், இந்தக் கேள்வியைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும். கேட்பது அவமதிப்பல்ல, கேட்காமல் விடுவதே ஆபத்து.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர் அதிகாலையில் வயிற்று நோவோடும் சத்தியோடும் எழும்பி, பின்னர் கண் இமையைத் திறக்க முடியவில்லை, விழுங்க முடியவில்லை என்றால், கட்டுவிரியன் கடித்திருக்கலாம். அதன் கடி பெரும்பாலும் நோகாது, தடமும் தெரியாது. “பாம்பைக் காணேல்லையே” என்று இருந்துவிடக்கூடாது. மூச்சுத் தசைகள் செயலிழக்குமுன் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர வேண்டும். கடிவாயை வெட்டுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மலத்தில் இரத்தம், கண் குழிவு, சலம் போகாமை, பிள்ளை சோர்ந்து தூங்கி விழுதல் ஆகியவை வைத்தியசாலைக்கான அறிகுறிகள். காய்ச்சல் ஒரு கிழமையாக ஏறிக்கொண்டே போய் வயிறும் குழம்பினால் நெருப்புக்காய்ச்சலை நினைக்க வேண்டும். கிணற்று நீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது இவற்றைத் தடுக்கும். ஆனால் உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் நமது சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் சேரும் நைத்திரேற்றைக் கொதிநீர் அகற்றாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் உதடும் நகமும் நீலமானால், எந்தக் கிணற்று நீரில் பால் கரைத்தீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சலம் எரிவு

பெண்களுக்குப் பொதுவானது. தோட்ட வேலைக்கோ நீண்ட பஸ் பயணத்துக்கோ போகும்போது, மறைவிடம் இல்லை என்று தண்ணீர் குடிக்காமலும் சலத்தை அடக்கியும் இருப்பது ஒரு காரணம். எரிவோடு குளிர்காய்ச்சலும் விலாப் பக்க நோவும் சத்தியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. அன்றைக்கே சிகிச்சை வேண்டும். ஆண்களுக்கும், சிறுபிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும் வந்தால் சலப் பரிசோதனை இல்லாமல் மருந்து எடுக்கக்கூடாது. அடிக்கடி வந்தால் சீனி பார்க்க வேண்டும்.

களைப்பு

“ஒண்டுக்கும் ஏலாமல் கிடக்கு” என்பது மிகக் கடினமான முறையீடு. ஏனெனில் எதுவும் அதன் பின்னால் இருக்கலாம். இரத்தச்சோகையை முதலில் பார்ப்பார்கள். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழும், கர்ப்பிணிக்கு 11க்குக் கீழும் இருந்தால் குறைவு. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பது இரும்புச்சத்து சேர்வதைக் குறைக்கும். கீரையில் தேசிக்காய்ப் புளி விடுவது கூட்டும். அடுத்து சீனி: வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இரு தடவை வந்தால் நீரிழிவு. பிறகு தைரொயிட், சிறுநீரகம், கர்ப்பம். காரணமில்லாத மெலிவு இருந்தால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இவை எல்லாம் சரியாக இருக்கும்போது மூன்றாவது படிக்கு வருகிறோம். அதற்கு முன் போர் நம் உடலிலேயே விட்டுச்சென்ற ஒன்றைப் பார்க்க வேண்டும்.

கைகால் உளைவு, நாரி நோ, உடம்பில் கிடக்கும் இரும்பு

நாரி நோவில் ஆபத்தானவை சில: இரண்டு காலும் பலமிழத்தல், சலமும் மலமும் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது அடைபடுதல், கவட்டிப் பக்கம் விறைத்தல், காய்ச்சல், படுத்தாலும் தீராத இரவு நோ. இவை இல்லாத நாரி நோ பெரும்பாலும் ஆறு கிழமைக்குள் தணியும். படுத்தே கிடப்பதைவிட மெல்ல நடமாடுவது நல்லது.

உடம்பில் செல் துண்டோ சன்னமோ உள்ளவர்கள் நம்மில் ஏராளம். பலருக்கு அது தொந்தரவு தருவதில்லை. எல்லாவற்றையும் வெட்டி எடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் மூன்று விடயங்களை மறக்கக்கூடாது. முதலாவது, எம்.ஆர்.ஐ ஸ்கான். அதன் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கவோ சூடாக்கவோ கூடும். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் அருகே துண்டு இருந்தால் பெரும் ஆபத்து. அதைச் சொன்னால் வைத்தியர் முதலில் எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பார், அல்லது வேறு ஸ்கானைத் தெரிவு செய்வார். வெளிநாட்டில் இருப்பவர்கள், அங்குள்ள வைத்தியருக்கு இது தாமாகத் தோன்றாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். காயம் எப்படி வந்தது என்று சொல்லப் பயமாக இருந்தால், “உடம்புக்குள் உலோகத் துண்டு இருக்கிறது” என்று சொன்னாலே போதும்.

இரண்டாவது, பல வருடங்களுக்குப் பிறகும் அந்த இடம் வீங்கிச் சிவந்து சீழ் வரலாம். மூன்றாவது, மூட்டுக்குள் கிடக்கும் ஈயச் சன்னம் மூட்டு நீரில் மெல்லக் கரைந்து இரத்தத்தில் சேரலாம். அப்போது வயிற்றுப் பிடிப்பு, இரத்தச்சோகை, கைகால் விறைப்பு என்று சம்பந்தமில்லாதவைபோல் தோன்றும் வருத்தங்கள் வரும்.

கால் இழந்தவர்களுக்கு இல்லாத பாதத்தில் நோவும் கடியும் வருவது கற்பனையல்ல. நரம்பும் மூளையும் இன்னும் அந்தப் பாதத்தை வைத்திருப்பதால் வருவது. அதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு. செயற்கைக் கால் உராய்ந்து புண் வந்தால், நீரிழிவும் இருந்தால், ஒருநாளும் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். காலின் அளவைச் சரிசெய்ய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது.

நித்திரை இல்லை

ஒரு தாய் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். “தலை பாரம் பிள்ளை. நெஞ்சுக்குள்ள அடைக்குது. உடம்பெல்லாம் உளைவு. எல்லா ரெஸ்ற்றும் எடுத்தாச்சு, ஒண்டுமில்லையாம்” என்கிறார். தாதி கொப்பியை மூடிவைத்துவிட்டு, “அம்மா, இரவில நித்திரை வருதோ? வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?” என்று கேட்கிறார். பதில் அங்கிருந்து தொடங்குகிறது.

போரில் பாதிக்கப்பட்டவர்களின் துயரம் உடல் வருத்தமாகவே வைத்தியசாலைக்கு வருகிறது என்பதை, யாழ் போதனா வைத்தியசாலையில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தமது எழுத்துகளில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். 2009இல் யாழ் மாவட்டத்தில் எடுக்கப்பட்டு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வு, பங்குபற்றியோரில் 32.6 வீதமானோருக்குப் பதகளிப்பின் அறிகுறிகளும், 22.2 வீதமானோருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும், 7 வீதமானோருக்கு நெருக்கீட்டுப் பிற்பட்ட மனவடுவின் அறிகுறிகளும் இருப்பதாகக் கண்டது. அந்த நோ பொய்யல்ல. தசை உண்மையாகவே இறுகுகிறது, நித்திரையற்ற உடம்பு உண்மையாகவே உளைகிறது.

இரண்டு கேள்விகள் போதிய தொடக்கம். கடந்த இரண்டு கிழமையில், முன்னர் விருப்பமாகச் செய்தவற்றில் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? பல நாட்கள் ஆம் என்றால் மேலும் கதைக்க வேண்டும். “சாவம் எண்டு யோசிச்சனீங்களோ?” என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பெரும்பாலும் கேட்கப்பட்டதே ஆறுதலாகும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இது இன்னும் கடினம். இறந்தவருக்கு அந்தியேட்டி உண்டு, திவசம் உண்டு. உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவருக்கு எந்தக் கடமையும் செய்ய முடியாது. அந்தத் தாயிடம் “மறந்திட்டு இருங்கோ” என்பது சிகிச்சையல்ல. அவருடைய துயரத்தை நோயாக்கவும் வேண்டாம். அதற்குள் மறைந்திருக்கும் பிறஷரையும் சீனியையும் பார்க்காமல் விடவும் வேண்டாம்.

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் உளவளத்துணை வழங்குகிறது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

போகும்போது கொண்டுபோக வேண்டியவை

இடம்பெயர்வுகளில் நம்மில் பலர் பிறப்புச் சான்றிதழோடு மருத்துவக் கொப்பியையும் இழந்தோம். இழந்ததை இப்போது ஒரு தாளில் மீண்டும் எழுதிவிடலாம். பெயரும் வயதும், இருக்கும் நோய்கள், எடுக்கும் குளிசைகளின் பெயரும் அளவும், ஒத்துவராத மருந்து, செய்த சத்திரசிகிச்சைகள், உடம்பில் உலோகத் துண்டு உள்ள இடம், இரத்தம் ஏற்றிய வருடம், வீட்டில் யாருக்கு நீரிழிவு, இதய நோய், காசநோய் என்பவற்றைக் குறியுங்கள். பாதி குடித்த குளிசை மட்டைகளையும், நாட்டு மருந்து எடுத்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.

உள்ளே போனதும் முதலில் சொல்ல வேண்டியவை நான்கு: என்ன வருத்தம், எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது அல்லது குறைகிறது, உங்களுக்கு எதைப் பற்றிப் பயம். நான்காவதைப் பெரும்பாலோர் சொல்வதில்லை. “அண்ணைக்கும் இப்பிடித்தான் தொடங்கினது, மூண்டு நாளில செத்துப்போனார்” என்ற ஒரு வசனம், பத்துப் பரிசோதனைகள் காட்டாத திசையைக் காட்டக்கூடும்.

வெளியே வருமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “எது நடந்தால் நான் திரும்பி வரவேணும்?” அதற்குத் தெளிவான பதில் கிடைக்கும்வரை கதிரையை விட்டு எழும்ப வேண்டாம்.